மூலத்தைத் தேடிய மாணாக்கர்

ஒருவர் ஒரு செய்தியைக் கூறக் கேட்டதும், "இஃது உமக்கு எவ்வாறு தெரியும்?" என்று வினவுதல் ஊர் வழக்கில் மரியாதைக் குறைவாகவே கொள்ளப்படும். கூறியவர் கற்றறிந்த பெரியோராயின் அவ்வினா எழுதற்கே இடமில்லை. ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஜேர்மனியின் பேர்ளின் மாநகரில், அவ்வினாவை எழுப்புதலையே இளைஞர்க்கு ஒரு தொழிலாகப் பயிற்றிய ஆசிரியர் ஒருவர் வாழ்ந்தார். இன்று உலகமெங்கும் கல்லூரியிற் கட்டுரை வரையப் புகும் மாணாக்கனை நோக்கி, "சான்றினைத் தேடுக, தேடியதை நிறுத்துப் பார்க்க" என்று ஆசிரியர் பணிக்கின்றனர். பணித்தல் எளிது. அதனைச் செய்யுமாறு கற்பித்தல் எத்துணை அரிதென்பதை அப்பயிற்சியின் இருநூறாண்டு வரலாறு காட்டுகின்றது.

அவ்வாசிரியரின் பெயர் லெயோபோல்ட் ராங்கே. 1795ஆம் ஆண்டிற் பிறந்த இவர், 1818 முதல் ஓடர் ஆற்றங்கரையிலுள்ள பிராங்போர்ட் நகரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியராயிருந்தார். பள்ளிப் பணியினிடையே இத்தாலிய நாட்டுப் போர்களைப் பற்றி நூலொன்று எழுதத் தொடங்கினார். அக்காலத்துக்குத் தலைசிறந்த சான்றாக எல்லோராலும் போற்றப்பட்டவர், பதினாறாம் நூற்றாண்டினராகிய பிரான்செஸ்கோ குயிச்சியார்டினி. அவர் தூதராகவும் ஆளுநராகவும் பணியாற்றியவர். தாம் எழுதிய நிகழ்ச்சிகள் பலவற்றின் நடுவே நின்றவர். அத்தகையவர் எழுதியதை ஐயுறுவார் யார்? ராங்கே ஐயுற்றார். குயிச்சியார்டினியின் நூலை அதற்கு முன்னும் அதே காலத்திலும் எழுந்த பிற நூல்களோடு வரிசையாக வைத்து ஒப்பிட்டார். நேரிற் கண்டவர் கூற்றென்று உலகம் நம்பிய பகுதிகள் பல பிறர் நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்று கண்டார். வீரரும் அமைச்சரும் நிகழ்த்தியனவாக அந்நூலிற் காணப்பட்ட சொற்பொழிவுகள் பல ஆசிரியர் தாமே புனைந்தவை என்றும் கண்டார். 1824ஆம் ஆண்டில் தம் வரலாற்று நூலை வெளியிட்டபோது, இவ்வாராய்ச்சியைத் தனியொரு பின்னிணைப்பாகச் சேர்த்தார். வரலாற்று நூலினும் அப்பின்னிணைப்பே அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது. அடுத்த ஆண்டிற் பேர்ளின் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

இம்முறையின் இயல்பை ஈழத்து எடுத்துக்காட்டொன்றாலும் விளக்கலாம். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, ஆரியச் சக்கரவர்த்திகளின் வரலாற்றைக் கூறும் நூலாக நெடுங்காலம் போற்றப்பட்டு வந்துள்ளது. புலவரோ அரசர் வாழ்ந்த காலத்தவரல்லர். அவர் எங்கிருந்து அறிந்தார்? கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்னும் பழைய நூல்களைத் தழுவியே எழுதப்பட்டதென அந்நூலே கூறுகின்றது. ஆகவே, அதிற் காணப்படும் ஒரு செய்தியை ஏற்பதா தள்ளுவதா என்ற வினாவுக்கு விடை அந்நூலுக்குள்ளே இல்லை. அதற்கு முந்திய ஏடுகளிடத்தும், அயல்நாட்டார் குறிப்புகளிடத்தும், கல்வெட்டுகளிடத்தும் உள்ளது. சுவாமி ஞானப்பிரகாசர் 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனம் அத்தகையதொரு தேடலே. ஒரு நூலைச் சோதிப்பவன் அந்நூலை விட்டு வெளியே செல்லவேண்டும் என்பதே ராங்கே கண்ட நெறி. இவ்வளவு சிறிய கருத்து மறந்துபோவதும் மீண்டும் கண்டுபிடிக்கப்படுவதுமாகவே பின்வந்த வரலாறு செல்கின்றது.

பேர்ளினில் ராங்கேயின் பொது விரிவுரைகளைக் கேட்போர் தொகை காலப்போக்கிற் குறைந்துகொண்டே சென்றது. அவர் சிறந்த பேச்சாளரல்லர். ஆயின் அவர் தம் இல்லத்திற் சில மாணாக்கரை மாத்திரம் கூட்டி நடத்திய பயிற்சி வகுப்பே உலகத்தை மாற்றியது. ஜேர்மனியப் பல்கலைக்கழகங்களில் அத்தகைய வகுப்பினை 'செமினார்' என்பர். அது நாற்றுமேடை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெயர் மிகப் பொருத்தமானதே. விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் பேச மாணாக்கர் எழுதிக்கொள்வர். இங்கோ, இடைக்காலத்து ஏடொன்றை மாணாக்கன் தானே எடுத்து ஆராய்ந்து, தன் முடிபைத் தோழர் நடுவே படித்தல் வேண்டும். எழுதியவர் எக்காலத்தவர், யாரைச் சார்ந்து எழுதினார், எதனைக் கண்டார், எதனைக் கேள்விப்பட்டார் என்று ஏனையோர் குறுக்கே வினவுவர். ஆசிரியர் இறுதியில் தம் கருத்தைக் கூறுவார்; சில வேளை மிகக் கடுமையாகவும் கூறுவார்.

அந்நாற்றுமேடையில் முளைத்தவர்களுள் கெயோர்க் வைட்ஸ், வில்லெம் கீசபிரெக்ட், ஐன்ரிச் சீபல் ஆகியோர் பின்னர் ஜேர்மனியின் பெரும் வரலாற்றாசிரியராயினர். மாணாக்கராய் இருக்கும்போதே அவர்கள் செய்த பணி வியக்கத்தக்கது. சாக்சனிய அரசர் காலத்தை ஆண்டுதோறும் வரையறுத்துக் கூறும் தொகுதிகளை 1837 முதல் அவ்வகுப்பார் வெளியிடத் தொடங்கினர். அவ்வேலையின்போது கோர்வே என்னும் மடத்தைச் சேர்ந்த பழைய வரலாற்றேடு ஒன்று அவர்கள் கைக்கு எட்டியது. அது சில ஆண்டுகளுக்கு முன்னரே அச்சேறி அறிஞராற் பயன்படுத்தப்பட்டு வந்த ஏடு. வேறெங்கும் கிடையாத செய்திகள் அதிற் கிடைத்தமையால் பலரும் மகிழ்ந்தனர். வைட்சும் சீக்பிரீட் ஹிர்ஷ் என்பவரும் அதன் மொழியையும் செய்திகளையும் ஏனைய ஏடுகளோடு ஒப்பிட்டனர். அஃது இடைக்காலத்து ஏடன்று, பிற்காலத்தவர் ஒருவர் செய்த போலி என்று 1839ஆம் ஆண்டில் நிறுவினர். அப்போது இருவரும் முப்பது வயதை எட்டாதவர். வேறெங்கும் இல்லாத செய்தி கிடைத்தால் மகிழாமல் அஞ்சவேண்டும் என்னும் பாடத்தை இதனினும் நன்றாகக் கற்பிக்கும் நிகழ்ச்சியைக் காண்டல் அரிது.

ராங்கேயிடமும் குறை இல்லாமலில்லை. 1827 முதல் 1831 வரை வியன்னாவிலும் வெனிசிலும் உரோமாபுரியிலும் ஆவணக் களரிகளைத் துருவிய அவர், வெனிசு நாட்டுத் தூதர்கள் தம் அரசுக்கு எழுதியனுப்பிய அறிக்கைகளைப் பெரிதும் விரும்பினார். அவற்றின் படிகளைத் தேடிச் சேர்த்தார். தூதரும் மனிதரே, அவர்களும் அரசவையில் தமக்குக் கூறப்பட்டதையே எழுதினர் என்பது அவர் மனத்திற் போதுமான அளவு உறைத்ததாகத் தோன்றவில்லை. குயிச்சியார்டினியின் சொந்தக் கைப்பத்திரங்கள் 1857 முதல் அச்சில் வந்தபின், அவர் ராங்கே எண்ணியதினும் மேலான மூலங்களைக் கையாண்டவர் என்பதும் வெளியாயிற்று. நீதிபதியின் தீர்ப்பும் மேல்முறையீட்டுக்கு உட்பட்டதே.

ஐரோப்பாவில் ஆவணத்தை ஆராயும் கலை இவ்வாறு வளர, அத்திலாந்திக் மாகடலுக்கு அப்பால் வேறொரு துன்பம் நிலவியது. அமெரிக்கக் கல்லூரி மாணாக்கனுக்கு நூலை ஆராய்வது ஒருபுறமிருக்க, நூலைக் கண்டடைவதே பெரும்பாடு. கல்லூரி நூல்நிலையங்கள் சில கிழமைக்குச் சில மணி நேரமே திறந்திருந்தன. நூல்களைக் காத்தலே நூலகர் கடமை, கொடுத்தல் அன்று. மாணாக்கர் தாமே சங்கங்கள் கூட்டித் தமக்கென நூல்நிலையம் வைத்துக்கொண்டனர். யேல் கல்லூரியில் அத்தகைய சங்கமொன்றின் நூல்நிலையத்தில் உதவியாளராய் வேலை பார்த்த வறிய மாணாக்கர் ஒருவர் வில்லியம் பிரெடரிக் பூல். சொற்போருக்கும் கட்டுரைக்கும் பொருள் தேடி வரும் தோழர்கள், தட்டு நிறையச் சஞ்சிகைகள் இருந்தும் வெறுங்கையோடு திரும்புவதை அவர் நாள்தோறும் கண்டார். எந்தச் சஞ்சிகையில் எப்பொருள் பற்றிய கட்டுரை உள்ளதென்று கூறுவார் இல்லை. பூல் தாமே அமர்ந்து, கட்டுரைகளைப் பொருள் வாரியாக அகரவரிசைப்படுத்திக் கையெழுத்துச் சுட்டியொன்று செய்தார். அதனைத் தோழர் புரட்டிய வேகத்தில் தாள்கள் நைந்தே போயின. ஆகவே 1848இல், அவர் பட்டம் பெறுவதற்கு முந்திய ஆண்டில், அது 154 பக்கங்கொண்ட நூலாக அச்சிடப்பட்டது. 1882இல் அதன் பெரும்பதிப்பு வந்தபோது அமெரிக்க, ஆங்கில நூல்நிலையங்கள் ஏறத்தாழ ஐம்பது தத்தம் பங்குக்கு உழைத்துக் கொடுத்தன. இன்று கணினித் திரையில் ஒரு சொல்லைப் பொறித்ததும் ஆயிரம் கட்டுரைகளின் பெயர் வந்து நிற்பதற்கு மூத்த பாட்டன் அந்த ஏழை மாணாக்கன் செய்த சுட்டியே.

சுட்டி இருந்தாலும் அதனைக் கையாளக் கற்பிப்பார் வேண்டும். ரொசெஸ்டர் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராகவும் நூலகராகவும் இருந்த ஒற்றிஸ் ஹோல் ரொபின்சன், சனிக்கிழமைகளில் மாணாக்கரை நூற்றட்டுகளின் நடுவே அழைத்துச் சென்று வழிகாட்டினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் றேமண்ட் டேவிஸ் என்னும் நூலகர் 1879இல் இப்பொருள் பற்றி விரிவுரைகள் தொடங்கி, 1881இல் அதனைத் தேர்ச்சிக்குரிய பாடமாகவே ஆக்கினார். இது தற்செயலன்று. அதே மிச்சிகனில், ஜேர்மனி சென்று திரும்பிய சார்ள்ஸ் கெண்டல் ஆதம்ஸ் 1869இல் ராங்கே மரபிலான செமினாரைத் தொடங்கியிருந்தார். மூலத்தைத் தேடுமாறு ஆசிரியர் பணிக்க, மாணாக்கர் நூல்நிலையத்தை நோக்கி ஓட, நூலகர் தம் கதவைத் திறந்தேயாகவேண்டிய நிலை வந்தது. ஆராயும் கலையும் தேடும் கலையும் ஒரே வளவிற் கைகோத்த இடம் அது.

ஆதம்சின் மாணவியருள் ஒருவர் லூசி மேனார்ட் சால்மன். 1876இல் மிச்சிகனிற் பட்டம் பெற்ற இவர், 1887இல் நியூயோர்க் மாநிலத்திலுள்ள வாசர் மகளிர் கல்லூரிக்கு வரலாற்றாசிரியராகச் சென்றார். செமினார் என்பது பட்டம் பெற்றபின் மேற்படிப்புப் படிக்கும் ஆடவர்க்கே உரியதென்று பலரும் எண்ணிய காலம். சால்மன் அதனை இளம்பெண்களுக்கு, அதுவும் கல்லூரி வாயிலில் அப்போதே காலடி வைத்தவர்களுக்குக் கொடுத்தார். பேர்ளினைப் போல வாசரில் இடைக்கால ஏடுகள் இல்லை. அதனால் என்ன? புகையிரத நேர அட்டவணையொன்றை எடுத்து மாணவியர் முன் வைத்து, இதிலிருந்து இந்நாட்டைப் பற்றி என்ன அறியலாம் என்று கேட்பார். சமையற் குறிப்பு நூலும் அவருக்குச் சான்றே. ஐரோப்பிய ஆவணக் களரிகளுக்குச் செல்ல இயலாதவனுக்கு அவன் வீட்டுப் பின்வளவே ஆவணக் களரி என்று கட்டுரை எழுதினார். ஊர்ப் பெருந்தெருவில் நடந்துகொண்டே அதன் வரலாற்றை எவ்வாறு படிக்கலாம் என்று மற்றொன்று எழுதினார். பாடநூலை ஒப்புவித்தலே படிப்பெனக் கருதியோர்க்கு இவையெல்லாம் விளையாட்டாகவே தோன்றியிருக்கும்.

விளையாட்டன்று என்பதற்கு அவர் செய்தித்தாள்களைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியே சான்று. செய்தித்தாளை வரலாற்றாசிரியன் நம்பலாமா என்ற கேள்விக்கு நம்பலாம் என்றோ நம்பலாகாது என்றோ ஒரு சொல்லில் விடை கூறி முடிப்பது எளிது. சால்மன் அவ்வாறு முடிக்கவில்லை. விளம்பரம், தலையங்கம், போர்முனை நிருபர் கடிதம், படம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்து, எந்த வினாவுக்கு எப்பகுதி தகுந்த சான்றாகும் என்று 1923ஆம் ஆண்டில் வெளிவந்த பெருநூலில் ஆராய்ந்தார். பொய்யான விளம்பரமும், அக்காலத்து மக்கள் எதனை விரும்பினர் என்பதற்கு மெய்யான சான்றாகலாம். சான்று நல்லதா தீயதா என்பது வினாவைப் பொறுத்தது. இதனைப் பத்தொன்பது வயதுப் பெண்களுக்கு அவர் விளங்கவைத்தார் என்பதே அவர் பெருமை.

நூல்நிலையத்தைப் பயன்படுத்தக் கற்பிக்கவேண்டியவர் யார், நூலகரா ஆசிரியரா என்ற வழக்கு அன்றே இருந்தது. 1913இல் அமெரிக்க நூலகர் சங்கத்தார் முன் சால்மன் இதுபற்றிப் பேசினார். நூல்நிலையத்தைப் பற்றித் தனியே ஒரு பாடம் நடத்துவதினும், மாணவி தான் ஆராயும் பொருளோடு சேர்த்தே அதனைக் கற்றல் நன்று, ஆதலின் பாட ஆசிரியர் இப்பொறுப்பிலிருந்து நழுவலாகாது என்பது அவர் கருத்து. வாசர்க் கல்லூரி நூலகராயிருந்த அடிலெய்ட் அண்டர்ஹில், சால்மனின் பழைய மாணவி, அவருடைய வாழ்நாள் தோழி. எந்த நூல் வேண்டுமென்று ஆசிரியர் நினைக்குமுன் அதனை வருவித்து வைக்கும் நூலகரும், நூலகரைத் தம் வகுப்பின் பங்காளியாக மதிக்கும் ஆசிரியரும் இணைந்திருந்த இடத்தில் வேலை செவ்வனே நடந்தது. அத்தகைய இணைப்பு எல்லாக் கல்லூரிக்கும் வாய்த்ததா? இல்லை. வாய்க்காத இடங்களில் நூலகரின் பேச்சு ஆண்டுக்கொரு சடங்காகவும், ஆசிரியரின் வாசிப்புப் பட்டியல் சுவரில் ஒட்டிய தாளாகவும் முடிந்தன.

தமிழகத்தில் இவ்வேலையைத் தொடங்கியவரும், ரொபின்சனைப் போலவே, ஒரு கணித ஆசிரியர் என்பது இன்பமான ஒற்றுமை. சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியிற் கணிதம் கற்பித்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924 ஜனவரியிற் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வருவோர் இல்லாத அவ்வறையில் அமர்ந்திருக்கப் பொறாது, கற்பித்தற் பணிக்கே மீண்டுவிட விரும்பினார் என்பர். இங்கிலாந்து சென்று நூலகக் கலையைப் பயின்று வருமாறு பல்கலைக்கழகத்தார் அவரை அனுப்பினர். திரும்பியவர் வேறு மனிதரானார். பூட்டிய பேழைகளுக்குப் பதிலாக, வாசகர் தாமே சென்று எடுக்கத்தக்க திறந்த தட்டுகளை அமைத்தார். நூலும் வாசகனும் சந்திப்பதற்கான ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். புதிதாக வரும் மாணாக்கனை நூல்நிலையத்தோடு முறையாக அறிமுகஞ் செய்துவைத்தல் நூலகரின் முதற் கடமைகளுள் ஒன்று என அவர் தனியே வகுத்தெழுதினார். புது மருமகளுக்கு வீட்டின் அறைகளைக் காட்டுவதுபோல, பட்டியல் இங்கே, அகராதி அங்கே என்று சுற்றிக்காட்டியதோடு நில்லாது, அவன் கொண்டுவந்த ஐயத்தை அவனோடு சேர்ந்து தேடவேண்டும் என்பது அவர் கொள்கை.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். 1959இல் பற்றீசியா நாப் என்னும் நூலகவியலார், இலினோய் மாநிலத்து நொக்ஸ் கல்லூரியில் மாணாக்கர் நூல்நிலையத்தை எவ்வாறு பயன்படுத்தினர் என்று ஆராய்ந்து எழுதினார். கண்டது கசப்பானது. நூல் எடுத்துச் சென்றோர் பெரும்பாலும் ஒருசில ஆசிரியரின் ஒருசில பாடங்களுக்காகவே எடுத்தனர். ஏனைய பாடங்களுக்கு நூல்நிலையம் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன! அடுத்து 1960 முதல் 1962 வரை டெற்றோயிற் நகரத்து வெயின் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மொன்டீத் கல்லூரியில் அவர் ஒரு பெருஞ் சோதனையை நடத்தினார். நூலகரும் ஆசிரியரும் சேர்ந்திருந்து பாடத்தினுள்ளேயே தேடற் பயிற்சிகளை அமைத்தனர். நூல்நிலையம் விடைகளின் களஞ்சியமன்று, அறிஞர்கள் ஒருவரோடொருவர் உரையாடும் வழிகளின் வலை. அவ்வழிகளில் நடக்கக் கற்றலே கல்வி என்பது நாப் கருதியது. ஆசிரியர் சிலர் நேரமில்லையென்றனர். மாணாக்கர் பலர், பாடத்தோடு ஒட்டாத பயிற்சியை வெறும் வேலைவாங்கலாகவே கருதினர். தோல்விகளை மறைக்காமல் எழுதிய நாப் அம்மையாரின் அறிக்கை 1966இல் வெளிவந்தது. வெற்றிகளை மட்டும் விளம்பும் அறிக்கைகள் மலிந்த துறையில் அதனை இன்றும் எடுத்துப் படிக்கலாம்.

அவ்வறிக்கையிற் கூறிய இணைப்பை நீண்டகாலம் நடத்திக் காட்டியவர் இந்தியானா மாநிலத்து ஏர்லம் கல்லூரியின் நூலகர் எவன் பார்பர். 1962 முதல் 1994 வரை அவர் அப்பதவியில் இருந்தார். மாணாக்கனுக்குக் கட்டுரை எழுதும் தேவை வந்த கிழமையிலேயே நூலகர் வகுப்புக்குச் செல்வார். அக்கட்டுரைப் பொருளுக்கே உரிய தேடல் வழியைக் காட்டுவார். பசித்தவனுக்கு இட்ட சோறு அது. 1974இல் இத்திறனுக்குத் 'தகவல் எழுத்தறிவு' என்னும் பெயர் தோன்றியது. 1989இல் அமெரிக்க நூலகர் சங்கம் அதுபற்றி அறிக்கை வெளியிட்டது. 2000ஆம் ஆண்டில் தரவிதிகள் வந்தன. பெயரும் விதியும் பெருகின.

இணையம் வந்தபின் சிக்கல் தலைகீழாயிற்று. பூலின் தோழர்களுக்குக் கிடைக்காமை துன்பம். இக்கால மாணாக்கனுக்குக் கிடைத்தல் துன்பம். கல்லூரிகள் பல, பக்கமொன்றைச் சோதிக்க வினாப்பட்டிகளைக் கொடுத்தன: ஆசிரியர் பெயர் உள்ளதா, நாள் உள்ளதா, நிறுவனத்தின் முகவரி உள்ளதா, எழுத்துப்பிழை உண்டா? இப்பட்டிகளுக்கு ஒரு பெருங் குறை இருந்தது. எல்லா வினாக்களும் அப்பக்கத்தையே மேலும் கீழும் பார்க்கச் சொல்வன. கோர்வே ஏட்டினை அத்தகைய பட்டியொன்றாற் சோதித்திருந்தால் அது நல்ல மதிப்பெண்ணே பெற்றிருக்கும்.

இதனை வெளிப்படுத்தியவர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துச் சாம் வைன்பேர்க். இவர் 1991இல் வரலாற்றறிஞரையும் பள்ளி மாணாக்கரையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆராய்ச்சி புகழ்பெற்றது. 1775ஆம் ஆண்டு லெக்சிங்டன் மோதலைப் பற்றிய ஆவணங்களை இருசாராரிடமும் கொடுத்தபோது, மாணாக்கர் முதல் வரியிலிருந்து படித்துச் சென்றனர். அறிஞரோ முதலில் அடிக்குறிப்பைப் பார்த்தனர்; எழுதியவர் யார், எந்நாளில் எழுதினார் என்று அறிந்த பின்னரே வாசகத்துக்கு வந்தனர். ஆகவே, இணையப் பக்கங்களிலும் வரலாற்றறிஞர் தவறார் என்று எவரும் எதிர்பார்த்திருப்பர். வைன்பேர்க்கும் சாரா மக்குறூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்றறிஞர் பதின்மர், செய்தி நிறுவனங்களிற் செய்தியின் உண்மையைச் சரிபார்ப்பதே தொழிலாகக் கொண்டவர் பதின்மர், ஸ்டான்போர்ட் மாணாக்கர் இருபத்தைவர் ஆகியோர் கலந்துகொண்டனர். குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டின் பக்கங்கள் அவர்களுக்குக் காட்டப்பட்டன. ஒன்று 1930இல் நிறுவப்பட்டுப் பல்லாயிரம் மருத்துவரைக் கொண்ட சங்கம். மற்றொன்று கொள்கை மாறுபாட்டால் 2002இல் தனித்துப் பிரிந்த சிறு கூட்டம். இரண்டின் பெயரும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டின் பக்கமும் செப்பமானவை.

மாணாக்கரிற் பெரும்பாலோர் சிறு கூட்டத்தின் பக்கத்தையே நம்பத்தக்கதாகக் கொண்டனர். வரலாற்றறிஞர் சிலரும் சின்னத்தையும் முகவரியையும் கண்டு மயங்கினர். சரிபார்ப்போர் மாத்திரம் விரைவில் உண்மையைக் கண்டனர். அவர்கள் செய்தது யாதெனின், அப்பக்கத்தைச் சில நொடிகளுக்கு மேல் படிக்கவேயில்லை. உடனே அதனை விட்டு வேறு பக்கங்களைத் திறந்து, இவ்வமைப்பைப் பற்றிப் பிறர் என்ன கூறுகின்றனர் என்று தேடினர். ஆய்வாளர் இதற்குப் 'பக்கவாட்டு வாசிப்பு' என்று பெயரிட்டனர். குயிச்சியார்டினியின் நூலை மூடிவைத்துவிட்டு அயல் நூல்களைத் திறந்த இளம் ராங்கே செய்ததும் இதுவே. அவர் மரபில் வந்த பேராசிரியர்கள் தாளிலிருந்து திரைக்கு மாறியபோது தம் பாட்டனார் கற்பித்ததை மறந்தனர் என்று கூறுதல் சற்றுக் கடுமையாயினும் பொய்யாகாது.

போலி ஏடும் புது வடிவில் மீண்டுள்ளது. 2022ஆம் ஆண்டின் இறுதி முதல் பரவிய செயற்கை அறிவுப் பொறிகள், கேட்டவுடன் நூற்பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் கொண்ட மேற்கோள்களைத் தருகின்றன. அவற்றுட் சில எக்காலத்தும் எழுதப்படாத நூல்கள். நியூயோர்க் நீதிமன்றொன்றில் இவ்வாறு பிறந்த, இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர் தரப்புக்கு 2023 ஜூனில் 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. கற்றறிந்த சட்டவாணர் நிலையே இதுவாயின், முதலாண்டு மாணாக்கனை மட்டும் நோவதெங்ஙனம்?

பக்கவாட்டு வாசிப்பைக் கற்பிக்க நெடுங்காலம் வேண்டுமா என்பதையும் ஆய்வாளர் சோதித்துள்ளனர். 2019இல் வெளிவந்த ஆய்வொன்றில், அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் மாணாக்கர்க்கு 75 நிமிடப் பாடங்கள் இரண்டே நடத்தப்பட்டன. அவற்றைக் கற்றவர், கல்லாதவரினும் நன்றாகச் சான்றுகளைத் தெரிந்தனர். பெருமளவு முன்னேறினர் என்று கூறுவதற்கில்லை, முன்னேறினர்.

ராங்கே 1886இற் காலமானார். அவருடைய நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் சிரக்கியூஸ் பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிச் சென்றது. அவர் அத்துணை நம்பிக்கையோடு சேர்த்த வெனிசுத் தூதர் அறிக்கைகளின் படிகளும் அவற்றுள் அடங்கும். அக்கையெழுத்துப் பிரதிகளுக்கு முழுமையான பட்டியலொன்று 1983இல் வெளியாயிற்று. அதனைக் கையில் வைத்துக்கொண்டு, ராங்கே பயன்படுத்திய படிகளை வெனிசிலுள்ள மூலங்களோடு ஒத்துப் பார்த்து, அவர் எங்கே சரியாகக் கண்டார், எங்கே சறுக்கினார் என்று அங்குள்ள மாணாக்கர் இன்று ஆராயலாம்.